என் குரலில் பேசியவன்

அத்தியாயம் 3

‘முடியாது’ என்ற சொல்லை இத்தனை இனிமையாகச் சொல்ல முடியும் என்று டமாரத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியின் பதிவுப் பிரிவு அதிகாரி அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நாற்காலி போடச் சொல்லிவிட்டுச் சொன்னார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு அதே மூச்சில் இன்னொரு தடவை சொன்னார். மேஜை மேல் கிடந்த ஸ்டேப்ளரில்கூட ‘இரவல் கிடையாது’ என்று சீட்டு ஒட்டி வைத்திருந்த பெண்மணி அவர்.

“சீஃப், இவங்ககிட்ட ஒரு குண்டூசி வாங்கறதே கஷ்டம். நாம குரலைக் கேட்டு வந்திருக்கோம்” என்று டமாரம் காதைக் கடித்தான்.

அவன் காதைக் கடிப்பது அடுத்த அறைவரை கேட்கும். பெயர்க் காரணமே அதுதான். முப்பத்தைந்து வயது, பலகுரல் மன்னன், ரகசியம் என்ற ஒன்றைத் தவிர எதையும் காப்பாற்றத் தெரிந்தவன். துப்பறியும் தொழிலுக்கு இப்படி ஓர் உதவியாளரை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பவர்களிடம் சீஃப் சொல்லும் பதில்: “அவன் பேசற நேரத்துல நான் யோசிச்சுக்குவேன்.”

சீஃப் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. மூக்குக் கண்ணாடி எப்போதும் தலைமேல்தான் இருக்கும். அது எங்கே என்பதுதான் அவரால் துப்புத் துலக்க முடியாத ஒரே வழக்கு.

அவர்கள் இருவருக்கும் நடுவில், நாற்காலியின் நுனியில், மலையைக் கொண்டுவந்து வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தார் கிரேன்காரர். மாடி மேல் மாடியாக எழும் கட்டடங்களுக்கு மேலே, ஒரு கண்ணாடிக் கூண்டில் தன்னந்தனியாக உட்கார்ந்து இரும்பு உத்திரங்களைத் தூக்கி வைப்பது அவர் தொழில். படி ஏறும்போது நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்காருகிறார்கள் என்று இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தார். இதயப் பரிசோதனைக்கு நாலு மாதம் தள்ளித் தேதி கொடுத்தார்கள். சரி என்று போய்விட்டார்.

கொஞ்ச நாளில் ஒரு நர்ஸ் போன் செய்தார். “நாளைக்கு மறக்காம வெறும் வயித்துல வந்துடுங்க. நீங்கதானே அவசரமாப் பார்க்கணும்னு கேட்டீங்க?”

அவர் கேட்கவே இல்லை. இருந்தாலும் போனார். பரிசோதித்த டாக்டர் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. அன்றைக்கே அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்துவிட்டார். “நாலு மாசம் நாங்க காத்திருப்போம். நீங்க இருந்திருக்க மாட்டீங்க” என்றார்.

உயிர் பிழைத்தது. தூக்கம் போயிற்று.

தன் பெயரைச் சொல்லித் தன் தேதியை மாற்றியவன் யார்? கம்பெனியின் பாதுகாப்பு ஆபீசர்மேல்தான் அவருக்குச் சந்தேகம். இதயத்தில் கோளாறு என்று தெரிந்தால் மேலே ஏற விடமாட்டார்கள். மூட்டு வலி என்று சொல்லித்தான் லீவில் இருந்தார். தன் மருத்துவ விவரத்தை எவனோ மோப்பம் பிடிக்கிறான், வேலைக்கு உலை வைக்கப் பார்க்கிறான் என்று பயந்துதான் சீஃபிடம் வந்தார்.

சீஃப் செய்தது மிகச் சாதாரணமான காரியம். ‘என்னைப் பற்றி உங்களிடம் இருப்பது அத்தனையும் எனக்குக் கொடுங்கள்’ என்று கிரேன்காரர் பெயரில் ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் போட வைத்தார். ஒருவரைப் பற்றிய தகவலை வைத்திருக்கும் எந்த நிறுவனமும், அவர் கேட்டால் காட்டித்தான் ஆகவேண்டும். ஒரு கட்டுத் தாளும் வந்து சேர்ந்தது. வராமல் போனது ஒன்றே ஒன்று: தேதியை மாற்றச் சொல்லி வந்த போன் அழைப்பின் ஒலிப்பதிவு.

அதற்குத்தான் இன்றைய ‘முடியாது’.

“பாருங்க மேடம்” என்றார் அதிகாரி. “அவரோட தகவலை அவருக்குக் குடுக்கறது என் கடமை. அடுத்தவங்க தகவலைக் குடுக்காம இருக்கறதும் என் கடமை. ஐயா என்ன சொல்றார்? போன்ல பேசினது தான் இல்லைங்கறார். அப்ப அது வேற ஒருத்தர் குரல். வேற ஒருத்தர் குரலை நான் எப்படித் தூக்கிக் குடுப்பேன்?”

டமாரத்துக்கே அது நியாயமாகப் பட்டது. அதுதான் எரிச்சலாக இருந்தது.

சீஃப் எழுந்துகொண்டார். “நீங்க சொல்றது ரொம்பச் சரி. நாங்க கிளம்பறோம். போறதுக்கு முன்னாடி ரெண்டு வரி மட்டும் எழுதிக் குடுத்துடுங்க.”

“என்ன எழுதணும்?”

“‘பேசினது நோயாளி இல்லை. யாரோ ஒருத்தர் போன்ல சொன்னதை நம்பி, நோயாளிக்கே தெரியாம அவர் சிகிச்சைத் தேதியை மாத்திட்டோம்.’ அவ்வளவுதான். கீழே ஒரு கையெழுத்து.”

அதிகாரியின் சிரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் அதில் ஆள் இல்லை.

“அப்படியெல்லாம் யார் கேட்டாலும் மாத்த மாட்டோம். நோயாளிதானான்னு விசாரிச்சுத்தான் மாத்துவோம்.”

“விசாரிச்சீங்களா?”

“விசாரிச்சோம். அவர்தான்.”

“அப்ப அது அவர் குரல்” என்றார் சீஃப். “குடுங்க.”

அதிகாரி இழுப்பறையைத் திறந்து, ஏற்கனவே உறையிலிட்டுத் தயாராக இருந்த ஒரு சி.டி.யை எடுத்து மேஜைமேல் வைத்தார். இந்தத் தடவை நிஜமாகவே சிரித்தார்.

“எங்க மேலதிகாரி குடுக்கக் கூடாதுன்னார். யாராவது இப்படிக் கேட்டா என்ன பண்றதுன்னு நேத்துலேருந்தே யோசிச்சிட்டிருந்தேன்.”

“அந்தத் தாள்கட்டுல ஒரு வரியைக் கறுப்படிச்சிருக்கீங்களே?” என்று டமாரம் சந்தடி சாக்கில் கேட்டான். “தேதி மாத்தினதுக்கு முந்தின நாள்?”

“அது கண்டிப்பா வேற ஆள். தான் வேற ஆள்னு சொல்லித்தான் பேசியிருக்கார். அதைக் கேக்காதீங்க.”

சீஃப் கேட்கவில்லை. ஆனால் தலைமேல் இருந்த கண்ணாடி தானாக மூக்குக்கு இறங்கியது. அது நல்ல சகுனம் என்று டமாரத்துக்குத் தெரியும்.

*

“சி.டி.யாம்! இதைப் போட்டுக் கேக்கற மெஷினை எந்த மியூசியத்துல தேடறது?” என்று படி இறங்கும்போதே டமாரம் புலம்ப ஆரம்பித்தான்.

“என் கார்ல இருக்கு.”

“அதைத்தான் நானும் சொன்னேன், சீஃப்.”

வாகன நிறுத்தத்தின் கோடியில் நின்ற அந்தக் காரில் ஹாரனைத் தவிர எல்லாமே சத்தம் போடும். சி.டி. பெட்டி மட்டும் சமர்த்தாக வேலை செய்தது. கிரேன்காரர் முழங்கால் இரண்டும் முகத்துக்கு நேராக வர, முன் சீட்டில் மடங்கி உட்கார்ந்தார். டமாரம் பின்னாலிருந்து தலையை நீட்டினான். கொரகொரவென்று ஒரு சத்தம். பிறகு:

“வணக்கம், இதய நோய்ப் பிரிவு.”

“வணக்கம்மா. எனக்கு நாலு மாசம் தள்ளித் தேதி குடுத்திருக்கீங்க. கொஞ்சம் முன்னாடி கிடைக்குமா?”

டமாரம் கிரேன்காரரைப் பார்த்தான். சி.டி. பெட்டியைப் பார்த்தான். மறுபடி கிரேன்காரரைப் பார்த்தான். ஒரே குரல். அடித்தொண்டையில் கொஞ்சம் கரகரப்பு. வாக்கியத்தின் முடிவில் சட்டென்று இறங்கும் அதே இறக்கம்.

“உங்க பிறந்த தேதி சொல்லுங்க சார்.”

“ஆகஸ்ட் பதினொண்ணு.”

“பொருந்தலையே.”

சின்ன இடைவெளி. “மன்னிச்சுக்கங்க. ஜூன் ஒண்ணு. ஜூன் ஒண்ணுதான்.” அடுத்து வருஷத்தைத் தடுமாறாமல் சொன்னது குரல்.

“பிறந்த நாளையே மறந்துட்டீங்களா சார்?”

“நெஞ்சு வலிக்கும்போது எது ஞாபகம் இருக்குதும்மா? ரொம்ப பயமா இருக்கு. ஏதாவது பண்ணுங்க.”

அந்தப் பெண் இரக்கப்பட்டாள். யாரோ வரமுடியாது என்று விட்டுப்போன இடத்தில் தேதி போட்டுக் கொடுத்தாள். “ரொம்ப நன்றிம்மா” என்றது குரல். முடிந்தது.

கிரேன்காரர் நெற்றி வியர்வையைத் துடைத்தார். “நான்தான்.”

“என்னது?”

“நான் பேசலை. சத்தியமா பேசலை. ஆனா இது நான்தான்.”

“தூக்கத்துல நடக்கறவங்க உண்டு. தூக்கத்துல போன் பண்ணி அப்பாயின்ட்மென்ட் வாங்கறவங்களை இப்பத்தான் பார்க்கறேன்” என்றான் டமாரம்.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. “ஆனா ஒண்ணுங்க. பயமா இருக்குன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. சொல்லவும் வராது.”

“ஆகஸ்ட் பதினொண்ணுன்னா என்ன?” என்றார் சீஃப்.

“அது நான் நிஜமாவே பிறந்த நாள். பள்ளிக்கூடத்துல சேர்க்கப் போனப்ப எங்கப்பா வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டார். அதுலேருந்து எல்லாக் காகிதத்துலயும் ஜூன் ஒண்ணு.”

“உங்க பாதுகாப்பு ஆபீசருக்கு எந்தத் தேதி தெரியும்?”

“ஜூன் ஒண்ணு மட்டும்தான்.”

“அப்ப அந்த மனுஷனை விட்டுடுங்க, பாவம். காகிதத்தைப் பார்த்து ஏமாத்தறவன் எடுத்த எடுப்புலயே ஜூன் ஒண்ணுன்னு சொல்லியிருப்பான். இவன் வாயில முதல்ல வந்தது வீட்டுத் தேதி. யோசிச்சப்புறம்தான் காகிதத் தேதி. உங்க பிறந்த நாளுக்கு உங்க வீட்டுக்குள்ள இருந்த ஆள் இவன். உங்ககூடப் பிறந்தவங்க யாரு?”

“ஒத்தைப் பிள்ளைங்க நான். அப்பா அம்மா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆச்சு.”

“கல்யாணம்?”

“ஆச்சு. முறிஞ்சும் போச்சு.” அவர் கண்ணாடி வழியே வெளியே பார்த்தார். “வேலை வேலைன்னு ஊர் ஊரா ஏறிட்டு இருந்தேன். ஒரு தடவை இறங்கி வந்து பார்த்தா வீட்டுல ஆள் இல்லை. பையனையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டா. சின்னப் பையன். போன் பண்ணினேன், பேச மாட்டேன்னுட்டான். எனக்கும் ரோஷம் வந்துடுச்சு. விட்டுட்டேன்.”

டமாரம் விரலைச் சொடுக்கினான். “அந்தம்மா மறுபடி கல்யாணம் பண்ணியிருந்தா? புதுசா வந்தவர் என்னை மாதிரி பலகுரல் ஆளா இருந்தா?”

“பழைய புருஷனைக் காப்பாத்தறதுக்குப் புதுப் புருஷன் மிமிக்ரி பண்ணுவாராக்கும்!” என்ற சீஃப், தாள்கட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டார். முதல் பக்கத்திலேயே விரல் நின்றது. “இங்க ரெண்டு போன் நம்பர் இருக்கு. கூப்பிட்டுப் பேச ஒண்ணு. அது இப்ப உங்ககிட்ட இருக்கறது. குறுஞ்செய்தி அனுப்ப இன்னொண்ணு. இது யாரோடது?”

கிரேன்காரர் குனிந்து பார்த்தார். “அட! இது எங்க பழைய வீட்டு செல்லுங்க. ரொம்ப வருஷம் முன்னாடி கை ஒடிஞ்சு இதே ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப குடுத்தது. அதை அவதான் எடுத்துட்டுப் போனா.”

“உங்களுக்கு ஆஸ்பத்திரியிலேருந்து ஒரு குறுஞ்செய்தியாவது வந்துதா?”

“வந்ததே இல்லைங்க. சோம்பேறிங்கன்னு நினைச்சேன்.”

“அனுப்பிட்டுத்தான் இருந்திருக்காங்க. இதயப் பரிசோதனை, நாலு மாசம் தள்ளித் தேதின்னு ஒண்ணு விடாம அந்த நம்பருக்குப் போயிருக்கு. உங்க நோயை மோப்பம் பிடிக்க யாரும் அலையலை. ஆஸ்பத்திரியே வீடு தேடிப் போய்ச் சொல்லியிருக்கு.” சீஃப் டமாரத்தைப் பார்த்தார். “கூப்பிடு. நீ கூரியர்.”

டமாரம் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒலிபெருக்கியை அழுத்திவிட்டு எண்ணைத் தட்டினான். மூன்றாவது மணியில் ஒரு பெண் எடுத்தார். டமாரம் கிரேன்காரரின் பெயரைச் சொல்லி, “அவருக்கு ஒரு பார்சல் வந்திருக்குங்க. விலாசம் சரியாத் தெரியலை” என்றான்.

“அவர் இந்த நம்பர்ல இல்லைங்க.”

“சரிங்க, மன்னிச்சுக்கங்க.”

ஆனால் அந்தப் பெண் போனை வைக்கவில்லை. “ஏங்க… பார்சல் ஆஸ்பத்திரியிலேருந்து வந்திருக்கா?”

“இல்லைங்க. ஏன் கேக்கறீங்க?”

“ஒண்ணுமில்லை.” அவர் குரலைத் தாழ்த்தினார். “ஆளு இருக்காரா?”

சீஃப் டமாரத்தின் தோளில் ஓர் இடி இடித்தார்.

“இருக்காருங்க. போன தடவை பார்சலுக்கு அவரே கையெழுத்துப் போட்டு வாங்கினார். நல்லாத்தான் இருந்தார்.”

“அப்படியா.” ரொம்ப நேரம் தூக்கிக்கொண்டிருந்த எதையோ கீழே வைத்த மாதிரி ஒரு பெருமூச்சு. “சரிங்க. சொல்லிடறேன்.”

“யார்கிட்டங்க?”

இணைப்பு போய்விட்டது.

“அவதான்” என்றார் கிரேன்காரர். “நான் இருக்கேனான்னு ஏன் கேக்கறா?”

“கேக்காம என்ன பண்ணுவாங்க? ‘நாளைக்கு வெறும் வயித்துல வரவும்’னு கடைசியா ஒரு செய்தி போயிருக்கு. அதுக்கப்புறம் நாம கடிதம் போட்டோம். கடிதத்துல உங்க இப்போதைய நம்பர் மட்டும் இருக்கறதைப் பார்த்ததும் ஆஸ்பத்திரிக்காரங்க பழைய நம்பரைத் தூக்கிட்டாங்க. ஓரத்துல திருத்தின குறிப்பு இருக்கு. அன்னையிலேருந்து அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. பரிசோதனைக்குப் போன ஆள் அப்படியே நின்னு போன மாதிரிதானே அவங்களுக்கு இருந்திருக்கும்?”

கிரேன்காரர் கையைத் தூக்கி முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

“இப்ப அந்தக் கறுப்பு வரியைப் பாருங்க” என்றார் சீஃப். “முந்தின நாள் யாரோ ஒருத்தர் கூப்பிட்டிருக்கார். தான் யாருன்னு உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கார். நோயாளி இல்லாத ஆளுக்குத் தேதி மாத்த முடியாதுன்னு வெச்சுட்டாங்க. மறுநாள் அதே ஆள் கூப்பிட்டு, நான்தான் நோயாளின்னு பொய் சொன்னார். உடனே தேதி கிடைச்சுடுச்சு. ரெண்டும் ஒரே ஆள்தான். நெஞ்சு வலிக்குதுன்னது பொய். பயமா இருக்குன்னது பொய்யில்லை.”

“ஆனா குரல், சீஃப்?” என்றான் டமாரம். “அந்தம்மா பேசினா பெண் குரல்ல இல்ல இருக்கும்? வீட்டுல மிச்சம் இருக்கறது ஒரு சின்னப் பையன். அவன் பேசினா கீச்சுன்னு இருக்கும்!”

சீஃப் கிரேன்காரர் பக்கம் திரும்பினார். குரலில் அதட்டல் இல்லை.

“அந்தச் சின்னப் பையனுக்கு இப்ப என்ன வயசு?”

“ஏழாவது படிச்சிட்டிருந்தான்…”

“அப்ப இல்லை. இப்ப.”

கிரேன்காரர் கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் கணக்குப் போட்டார். ஒரு கையில் முடியவில்லை. அடுத்த கையையும் தூக்கினார். அதுவும் போதவில்லை.

“இருபத்துமூணு” என்றார்.

“அவன் குரல் உடைஞ்சப்புறம் நீங்க ஒரு தடவைகூடக் கேக்கலை. கேட்டிருந்தா, ‘நான்தான்’னு சொல்லியிருக்க மாட்டீங்க.”

சும்மா இருக்க முடியாத டமாரம், “ஆள்மாறாட்டம் குத்தம்தானே, சீஃப்?” என்றான்.

“குத்தம்தான். புகார் குடுக்க வேண்டியவர் இவர்தான்.” சீஃப் அவரைப் பார்த்தார். “குடுக்கறீங்களா?”

கிரேன்காரர் பதில் சொல்வதற்குள் டமாரத்தின் கையிலிருந்த போன் அடித்தது. தெரியாத எண். ஒலிபெருக்கி அணைக்கப்படாமலே இருந்தது.

“ஹலோ, கூரியரா? இப்பத்தான் எங்கம்மா சொன்னாங்க. ஒரு பார்சல் விஷயமாப் பேசினீங்களாமே?”

கிரேன்காரரின் குரல். அச்சு அசலாக அதே குரல். டமாரம் முன் சீட்டைப் பார்த்தான். அவர் வாய் இறுக மூடியிருந்தது.

“அவரைப் பார்த்தேன்னு சொன்னீங்களாம். எப்பப் பார்த்தீங்க? நடந்து வந்தாரா? கூட யாராவது இருந்தாங்களா? ஹலோ? லைன்ல இருக்கீங்களா?”

டமாரம் போனை முன் சீட்டுக்கு நீட்டினான். டன் கணக்கில் இரும்பைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி இறக்கி வைக்கும் அவர், அந்தச் சின்ன செல்போனை இரண்டு கையாலும் ஏந்தி வாங்கினார்.

“இருக்கேன்” என்றார் கிரேன்காரர்.

மறுமுனையில் பேச்சு நின்றது. தன் குரலே தனக்குப் பதில் சொன்னால் யாரும் அப்படித்தான் நிற்பார்கள்.

சீஃப் கதவைத் திறந்து இறங்கினார். பின்னாலிருந்த டமாரம் இறங்குகிற மாதிரித் தெரியவில்லை. சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வெளியே நிறுத்தினார்.

“முக்கியமான கட்டத்துல, சீஃப்…”

“நட.”

அந்தக் காரின் கண்ணாடி எந்தக் காலத்திலும் முழுதாக மேலே ஏறியதில்லை. இரண்டு எட்டு வைப்பதற்குள் உள்ளேயிருந்து பேச்சு கேட்டது.

“இத்தனை வருஷமா ஏன் கூப்பிடலை?”

“நீ ஏன் கூப்பிடலை?”

பிறகு ஒரு மூக்குறிஞ்சல். அதைத் தொடர்ந்து, அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம்.

டமாரம் நின்றான். “சீஃப், முதல்ல கேட்டது அப்பாவா, பிள்ளையா?”

“அது அவங்க சொந்தத் தகவல்” என்றார் சீஃப், நடையை நிறுத்தாமல்.